கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே போவது எப்படி?

கேள்வி இதுதான்: குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா பெயர் வரை தெரிகிறது, அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஒரு கட்டு பழைய பத்திரம் இருக்கிறது. எண்பது தாண்டிய அத்தை ஒருவர் இருக்கிறார். கொள்ளுத்தாத்தாவின் தம்பி கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை என்று ஒரு பேச்சும் உண்டு. எங்கே தொடங்குவது?

அத்தையிடம் தொடங்குங்கள். இந்த வாரமே போய்விடுங்கள். பத்திரம் இன்னும் இருபது வருஷம் பெட்டியில் கிடக்கும். ஆவணக் காப்பகமும் எங்கும் போய்விடாது. உங்கள் கொள்ளுத்தாத்தா உங்கள் அத்தைக்குத் தாத்தா. அத்தை 1940களில் பிறந்தவர் என்றால், 1880களில் பிறந்த ஒருவரின் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கலாம். அந்த மனிதர் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்று அத்தையின் காதில் விழுந்திருந்தால், ஒரே தாவலில் 1830 பக்கம் போய்விடுவீர்கள். அவ்வளவு தூரம் ஒரே தாவலில் கொண்டுபோய் விடும் காகிதம் நம் பக்கம் மிகக் குறைவு.

ஆனால் போனதும் பெயரைக் கேட்காதீர்கள். "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன அத்தே?" என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்" என்பதுதான் பதிலாக வரும். அதோடு பலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் பெரியவர்களின் பெயர் புழங்கவே இல்லை. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்ட தாய்மார் எத்தனையோ பேர். பெயர் மறந்து போகும். மறக்காமல் நிற்பவை மூன்று: முறை, ஊர், பங்கு. இவர் நமக்கு என்ன முறை, அந்தப் பெண் எந்த ஊரில் பிறந்தவள், இந்தச் சொத்தில் யாருக்கு எத்தனை பங்கு. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு போனால் பெயர்கள் பின்னாலேயே வரும். கீழே நான் சொல்வதெல்லாம் இதன் விரிவுதான்.

அத்தையிடம் சடங்குகளைக் கேளுங்கள். சடங்கில் ஒவ்வொரு காரியத்துக்கும் இன்ன முறைக்காரர்தான் செய்ய வேண்டும் என்று இருப்பதால், அதைச் செய்தவர் யார் என்று தெரிந்தாலே உறவு தெரிந்துவிடும். பேச்சு இப்படிப் போகலாம்:

"அத்தே, உங்களுக்குக் காது குத்துனப்போ யாரு மடியில உக்காந்தீங்க?"

"எங்க மாமன் மடியிலதான். மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வந்தாரு."

"அவரு அம்மாவுக்குக் கூடப் பொறந்தவரா?"

"கூடப் பொறந்தவரு இல்ல, பெரியம்மா மகன். அம்மாவுக்குக் கூடப் பொறந்த ஆம்பளை இல்லையே."

நான்கே வரியில் உங்கள் பாட்டிக்கு உடன்பிறந்த ஆண் இல்லை என்பதும், பாட்டியின் தாய்க்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதும், அந்த அக்காவின் மகன் தாய்மாமன் ஸ்தானத்தில் நின்றார் என்பதும் தெரிந்துவிட்டது. இதேபோல, "அப்பத்தா செத்தப்போ பொறந்த வீட்டுக் கோடி எந்த ஊர்லேருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். பத்திரங்கள் பெண்களின் பிறந்த வீட்டை எழுதுவதே இல்லை. கோடித்துணி கொண்டுவந்தவர்கள் யார் என்ற நினைவு அந்த இடத்தை நிரப்பும். "பிள்ளையில்லாத பெரியவருக்குக் கொள்ளி வெச்சது யாரு?" என்று கேட்டால் நெருங்கிய பங்காளி யார் என்று தெரியும். "யார் வீட்டுச் சாவுக்கு நமக்குத் தீட்டு உண்டு?" என்பதுதான் என் பார்வையில் மிகச் சிறந்த கேள்வி. தீட்டு காக்கும் வீடுகளின் பட்டியலும் ஒரே ஆண்வழியில் வந்த பங்காளிகளின் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றுதான். இன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்கூட அதில் இருக்கும்.

காலத்தைக் கேட்கும்போது வருஷ எண்ணைக் கேட்க வேண்டாம். ஊரே அறிந்த சம்பவத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர். காவிரியில் பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலை. மேட்டூர் அணை திறந்தது 1934. பர்மாவிலிருந்து நடந்தே வந்தது 1942. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். கும்பகோணம் பக்கத்துக் குடும்பமென்றால் மகாமகம் நல்ல அளவுகோல்: 1933, 1945, 1956, 1968, 1980 என்று வந்தது. "மகாமகத்துக்கு மறு வருஷம் பெரிய அண்ணன் பொறந்தான்" என்ற மாதிரி ஒரு வாக்கியம், பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைவிட நம்பகமானது. அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொள்வார்கள். பிறந்த நாளாகத் தலைமை ஆசிரியர் ஜூனிலோ மேயிலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். உங்கள் தாத்தாவும் அவர் தம்பிகளும் எல்லோருமே ஜூன் மாதத்தில் பிறந்திருந்தால் காரணம் இதுதான்.

பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். குறிப்பு மட்டும் எடுத்தால் எது முக்கியம் என்று அந்த நிமிஷத்தில் நீங்கள் நினைத்ததுதான் மிஞ்சும். முடிந்தால் இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும்போதுதான் நல்ல செய்திகள் வெளியே வரும். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் யார் சொன்னது என்று எழுதி வையுங்கள், உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூத்த தாரம், இளைய தாரம், சுவீகாரம், ஓடிப்போனவர், ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்று வலிக்கும் விஷயங்களும் வரும். ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தித்தான் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்தப் பெயர் கொஞ்ச காலம் காத்திருக்கலாம்.

இனி வீட்டுக் காகிதங்கள். பத்திரக் கட்டுக்குப் போகும் முன் மொய் நோட்டைத் தேடுங்கள். கல்யாணத்திலும் காதுகுத்திலும் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்ற நீள நோட்டு பல வீடுகளில் பரண்மேல் இருக்கும். அதில் ஊர் முதலில், பெயர் பிறகு, தொகை கடைசியில் இருக்கும். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஆளை அடையாளம் தெரியாமல் யாரும் எழுத மாட்டார்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் "மேலத்தெரு", "மில்லுக்காரர்", "சின்னவர் மருமகன்" என்று பிரித்து எழுதியிருப்பார்கள். தாய்மாமன் சீர் தனி இடத்தில் இருக்கும், சம்பந்தி வீட்டு வரிசை தனியாக இருக்கும். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் கொடுத்த தொகையின் அளவிலேயே நெருக்கம் தெரியும். அந்த நோட்டை அத்தை முன்னால் விரித்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டு வராத நினைவு, அந்த ஊர்ப் பெயர்களைக் காதால் கேட்டதும் வரும்.

கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அப்படியே பாதுகாக்க வேண்டியவை. பத்திரிகையில் "இன்னார் பேரனும் இன்னார் குமாரனும்" என்று ஒரே வரியில் மூன்று தலைமுறை இருக்கும். கருமாதிப் பத்திரிகையின் கீழே மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று முழுக் குடும்பமும் நிற்கும். தர்ப்பணம் செய்யும் வழக்கமுள்ள வீடுகளில், தந்தைவழியில் மூன்று தலைமுறை ஆண்களின் பெயர், அவர்கள் மனைவியரின் பெயர், தாய்வழியிலும் அதேபோல என்று ஒரு சீட்டு இருக்கும். உங்கள் தாத்தா கைப்பட எழுதிவைத்த சீட்டு கிடைத்தால் அது அவருடைய கொள்ளுத்தாத்தா வரை போகும்.

பழைய ஜாதகத்தில் வருஷம் பெயராக இருக்கும், எண்ணாக இருக்காது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால், "பிலவ வருஷம் கார்த்திகை" என்றால் 1841ஆக இருக்கலாம், 1901ஆக இருக்கலாம், 1961ஆகவும் இருக்கலாம். எது என்பதை ஆளின் வயதும் மற்ற காகிதங்களும்தான் முடிவு செய்யும். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் கொல்லம் ஆண்டு எழுதியிருப்பார்கள். அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிட்டத்தட்ட வந்துவிடும். வருவாய்க் கணக்குகளில் பசலி என்ற வரி ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் வருவது அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு. தொடக்கம் ஜூலை 1. பழைய கையெழுத்தில் ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. இந்த நான்கு குறிகளும் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பத்திரங்களுக்கு வருவோம். பெரும்பாலோர் சொத்து யாருக்கு, விலை என்ன என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. முதல் பாராவில் ஜில்லா, தாலுகா, கிராமம், ஜாதி, தொழில், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கும். "மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று ஒரு வரி வந்தால் அந்த வருஷத்துக்கு முன்பே தகப்பன் இறந்துவிட்டார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அங்கே ஒரு பெண்ணின் பெயரும் கிடைத்துவிடும். அடுத்து, சொத்து எப்படி வந்தது என்ற வரி. "பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு" (முன்னோர் வழியில் வந்தது) என்றிருந்தால் மேலே போக வழி இருக்கிறது. "சுயார்ஜிதம்" (தானே சம்பாதித்தது) என்றால் அந்த ஊருக்கு அவர்தான் முதலில் வந்தவராக இருக்கலாம். அப்போது முந்தைய ஊர் எது என்று தேட வேண்டும்.

பிறகு சக்குபந்தி, அதாவது நான்கெல்லை. "இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்குத் தெற்கு" என்று வரும் பெயர்களை யாரும் குறித்துக்கொள்வதில்லை. ஒரு தகப்பன் சொத்து நான்கு மகன்களுக்குப் பிரிந்தால் நால்வரும் ஒருவருக்கொருவர் எல்லைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் எல்லைக்காரர் பெயர்களில் உங்கள் பங்காளிகள் இருக்க நிறைய வாய்ப்புண்டு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் அப்படியே பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கிணற்றுப் பங்கு. நிலத்தைக் கோடு போட்டுப் பிரித்துவிடலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் தலைமுறை தலைமுறையாக அது பின்னமாகவே எழுதப்படும். "மேற்படி சர்வே நம்பரிலுள்ள கிணற்றில் 12இல் 1 பங்கும் முறை நீரும்" என்று ஒரு பத்திரம் சொன்னால் அந்தப் பன்னிரண்டை உடைத்துப் பாருங்கள். கிணறு வெட்டியவருக்கு மூன்று மகன்கள், அதில் ஒருவருக்கு இரண்டு மகன்கள், அவர்களில் ஒருவருக்கு மறுபடி இரண்டு மகன்கள் என்றிருந்தால் பன்னிரண்டில் ஒன்று வரும். இரண்டும் ஆறும் பெருக்கினாலும் பன்னிரண்டுதான். எது சரி என்பதற்கு மற்றப் பங்காளிகளின் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்: ஒருவருக்கு 3இல் 1, இன்னொருவருக்கு 6இல் 1 என்றிருந்தால் முதல் கணக்கு உறுதியாகிவிடும். விலைக்கு வாங்கிய பங்கு இடையில் புகுந்திருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பெயரே தெரியாத ஒரு தலைமுறையில் எத்தனை ஆண்மக்கள் இருந்தார்கள் என்பதை இந்தப் பின்னம் சொல்லிவிடும்.

பெண்களைப் பொறுத்தவரை சட்டம் மாறிய ஆண்டுகளை நினைவில் வையுங்கள். இந்துக் குடும்பங்களில் விதவைக்குச் சொத்தில் பங்கு தந்தது 1937 சட்டம். மகள்களை வாரிசாக ஏற்றது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில் மகள்களே இல்லாததுபோல் இருக்கும். 1956க்குப் பிறகு விடுதலைப் பத்திரங்களில் அக்கா தங்கைகள் அத்தனை பேரும் புருஷன் பெயர், புகுந்த ஊர் சகிதம் வரிசையாக வந்து நிற்பார்கள். தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதற்காகத்தான் பாதிப் பெண்கள் ஆவணத்தில் முதன்முறையாக வருகிறார்கள் என்பது மனதைச் சங்கடப்படுத்தும் உண்மை. முஸ்லிம் குடும்பங்களில் மகள்களுக்கு எப்போதும் பங்கு உண்டு என்பதால் பழைய பாகப் பத்திரங்களிலேயே அவர்கள் பெயர் இருக்கும்.

வீட்டில் இருக்கும் பத்திரத்திலிருந்து அதற்கு முந்தையதைத் தேடச் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1860களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று சில பத்தாண்டுகளுக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முந்தையதற்கு மனுப்போட்டு, கட்டணம் கட்டி, கையால் தேட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, நிலம் வீடு பற்றிய முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு நகல் கேட்டு யாரும் மனுச் செய்யலாம். முதல் புத்தகத்துக்கு இரண்டு வகை அட்டவணை உண்டு, ஒன்று பெயர்வாரி, இன்னொன்று சொத்துவாரி. பெயரில் தேடினால் ஒரே பெயருள்ள இருபது பேர் வருவார்கள். கிராமம், சர்வே எண் வழியாகத் தேடுவதே நல்லது. போகும் முன் அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன, புத்தகம் பக்கத்து ஊரில் இருக்கலாம்.

சர்வே எண்ணும் மாறியிருக்கும். இன்றைய பட்டா எண்கள் பெரும்பாலும் 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டிலிருந்து வருபவை. யூ.டி.ஆர் என்று சொன்னால் தாலுகா ஆபீஸில் புரியும். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒப்பீடு கேளுங்கள். கிராமத்து நிலங்களின் பட்டியலான 'அ' பதிவேட்டிலும் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் பட்டாதாரர் பெயர் இருக்கும். ஊர் நிலக் கணக்கு எழுதிவந்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. அதனால் ஊரில் பழைய கர்ணம் வீட்டார் இன்னும் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

குடும்பத்துக்கு எப்போதாவது இனாம் நிலம், அதாவது மானியமாகக் கிடைத்த நிலம், இருந்திருந்தால், கோயில் ஊழியத்துக்கோ கிராம ஊழியத்துக்கோ கிடைத்ததாக இருந்தாலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் 1860களில் ஊர் ஊராக விசாரித்து எழுதியது அது. முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்று தனித்தனிக் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். ஒரே பக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போய்விடலாம்.

சொத்துத் தகராறு கோர்ட்டுக்குப் போயிருந்தால் வருத்தப்பட வேண்டாம், தேடுகிறவருக்கு அது புதையல். பாகப்பிரிவினை வழக்கின் பிராதில் வம்சாவளிப் படம் ஒன்று இணைத்திருப்பார்கள். எதிர்த்தரப்பு அதை மறுத்து வேறு படம் கொடுத்திருக்கும், சாட்சிகள் உறவுமுறையை விளக்கியிருப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வழக்குக்காக வரைந்த படத்தில் வழக்குக்கு வேண்டியதுதான் இருக்கும். பங்கு கேட்க வாய்ப்புள்ள ஒரு கிளையை வேண்டுமென்றே விட்டிருக்கலாம்.

பிறப்பு இறப்புப் பதிவில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். சென்னை மாகாணத்தில் 1899இல் இதற்கெனச் சட்டம் வந்தது, நாடு முழுவதற்குமான சட்டம் 1969இல் வந்தது. பழைய பதிவுகளில் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கும். "ஆண்", தகப்பன் பெயர், தேதி, அவ்வளவுதான். ஆனால் தேடுகிறவர்கள் கோட்டை விடும் இடம் வேறு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும், ஆகவே மூத்த பிள்ளையின் பதிவு தாயின் ஊரில் இருக்கும். அப்பா ஊரில் தேடிக் கிடைக்காததை அம்மா ஊரில் தேடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவாரியாக எழுதிய தாள்களைச் சில நாடுகளில் பழையதானதும் திறந்துவிடுகிறார்கள். இங்கே 1948 சட்டப்படி அவை இரகசியம், அந்த வழியை மறந்துவிடலாம்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சொந்தக்காரர்களாக இருப்பதால் அந்தப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹால்லே நகரில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு ஆட்சிக்காலச் சிவில் பதிவேடுகள் உண்டு. அவற்றில் ஒரு பகுதியை பிரான்ஸின் கடல்கடந்த நிலங்களுக்கான ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1881 ஆணைக்குப் பிறகு மத, சாதி வழக்கப்படியான பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அங்கே தேடும்போது மறக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பழைய பதிவுகளுக்குத் திருவனந்தபுரத்திலும் கேட்க வேண்டும்.

குலதெய்வக் கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. ஊர் மாறிப் போனவர்கள்கூட முடி இறக்கவும் காது குத்தவும் அங்கேதான் போவார்கள். கோயில் தலைக்கட்டு வரி நோட்டில் எந்தெந்த ஊரிலிருந்து எந்தெந்த வகையறா வரி கொடுக்கிறது என்றிருக்கும். இப்போதைய ஊருக்கு முன் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு பல குடும்பங்களுக்குக் கிடையாது. நகரத்தார் வீடுகளில் ஒன்பது நகரக் கோயில்களும் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு 'புள்ளி'யாகப் பதிந்துகொள்வதால் வேலை எளிது. கொங்குப் பக்கம் கூட்டமும் (குலப் பிரிவு) காணியூரும் (அந்தக் குலத்தின் பூர்வீக ஊர்) வழிகாட்டும். ஆனால் அங்கே சொல்லப்படும் ஆதிக் கதைகளை, இன்ன ராஜாவுக்குத் தளபதியாக இருந்தோம் என்பது போன்றவற்றை, கதையாகத் தனியே எழுதி வையுங்கள். அதை வம்ச மரத்தில் ஏற்றக் கூடாது. கதைக்கும் தெரிந்த முதல் பெயருக்கும் நடுவில் எத்தனை தலைமுறை என்று யாராலும் சொல்ல முடியாது.

நிலம் இல்லாத குடும்பத்துக்கு நான் மேலே சொன்னதில் பாதி உதவாது. இதை நேராகச் சொல்ல வேண்டும். தலித் குடும்பங்களில் பலவற்றுக்குப் பத்திரமே இருக்காது. அவர்கள் 1892 ஆணையின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட, பஞ்சமி நிலம் என்று அழைக்கப்படும் நிலங்களின் ஒப்படைப்புப் பதிவுகளைப் பாருங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றையும் பாருங்கள். கப்பல் பட்டியல்களையும் பாருங்கள். சொந்த ஊர் ஆவணம் ஒரு வரிகூட எழுதாத மனிதரின் தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் அந்தப் பட்டியல்களில் இருக்கும்.

கப்பலேறிப் போன தம்பியின் கதைக்கு இங்கேதான் வருகிறோம். முதலில் எங்கே போனார் என்று தெரிய வேண்டும். ரங்கூன், பினாங்கு என்றால் டிக்கெட் வாங்கிப் போனவர்கள் நிறையப் பேர், ஆள்வாரிப் பட்டியலை அதிகம் எதிர்பார்க்க முடியாது. இலங்கை மலையகம் என்றால் போனவரின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியிருக்கக்கூடும். அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை யாரிடமாவது இருக்கும். ஒப்பந்தக் கூலியாகப் போயிருந்தால்தான் பட்டியல் முழுமையாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860இல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். மொரீஷியஸின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பிற்காலத்தவருக்குப் புகைப்படமும் உண்டு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903 முதல் 1916 வரை. உங்கள் கொள்ளுத்தாத்தா 1880களில் பிறந்தவர் என்றால், தம்பி போயிருக்கக்கூடிய காலம் நேட்டாலின் கடைசி வருஷங்களோடும் ஃபிஜியோடும் பொருந்துகிறது. அந்த இரண்டிலும் முதலில் தேடுங்கள்.

பெயரை மட்டும் நம்பித் தேடினால் கிடைக்காது. முனிசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், கவுண்டர் 'கவண்டர்' ஆகியிருப்பார். எழுதிய குமாஸ்தாவுக்குக் காதில் விழுந்தபடிதான் எழுத்து. தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா ஆகிய நான்கும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜில்லாவை அந்தக் காலத்துக் கணக்கில் எழுத வேண்டும்: 1911 வரை சித்தூர் வட ஆற்காட்டில் இருந்தது, திருவள்ளூர் செங்கல்பட்டு ஜில்லா, நாமக்கல் ரொம்ப நாள் சேலம் ஜில்லா. வெளிநாட்டுக் காப்பகத்துக்கு எழுதும் முன் கிராமத்தின் பெயரை உச்சரிப்புப்படி நான்கைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கூடவே, தம்பி எந்த வயதில் போனார், தனியாகவா ஊர்க்காரர்களோடு சேர்ந்தா, ஒரு கடிதமாவது பணமாவது எப்போதாவது வந்ததா என்று அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் நான்கைந்து பேர் அடுத்தடுத்த எண்களில் பதிவாகியிருப்பது உண்டு. கூடப் போன ஒருவரின் பெயர் தெரிந்தால் அவரைப் பிடித்து இவரிடம் போய்விடலாம்.